ஓட்டக்காரனும் ஒற்றை எலெக்ட்ரானும்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. முதலாண்டு மாணவன் ஒருவன் குனிந்து ஊசலின் நீளத்தை அளந்துகொண்டிருந்தான். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய புட்டி நழுவி, தரையில் உருண்டு, என் காலடியில் வந்து நின்றது. உள்ளே ஆரஞ்சு நிற மாத்திரைகள். பையன் 5000 மீட்டர் ஓட்டக்காரன்; மாவட்டப் போட்டிக்காகக் காலையும் மாலையும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவது தொல்லையா?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை சார். வைட்டமின் சி. வேகமாக ஓடினால் உடம்பில் ஆக்சிஜனேற்றம் நடக்குமாம். அதனால் தசை கெட்டுப்போகுமாம். தினமும் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டால் அது நடக்காதாம்" என்றான்.

நடக்குமாம், போகுமாம், நடக்காதாம்! ஒரே மூச்சில் மூன்று 'ஆம்'. யாரோ சொல்லக் கேட்டதை நம் மொழி இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டுவிடுகிறது. "உண்மைதானா சார்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம். அவன் கைச்செலவுப் பணத்தில் பாதி அதற்கே போய்க்கொண்டிருந்தது. ஆகவே இதைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, மருத்துவக் கேள்வியாகத் தோன்றிய ஒன்று என் சொந்தப் பாடமான எலெக்ட்ரானிடமே என்னைக் கொண்டுவந்து விட்டது. அந்த வழியில் உங்களையும் அழைத்துச் செல்கிறேன்.

காந்தத்தில் ஒட்டும் காற்று

நீங்கள் இப்போது அமைதியாக உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் எடை 50 கிலோகிராம் என்று கொள்வோம். இந்த நிலையில் உங்கள் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 175 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. எழுந்து மூச்சிரைக்க ஓடினால் இந்த அளவு 10 மடங்காகவோ அதற்கு மேலாகவோ உயரும். நன்கு பயிற்சி பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவர் நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேலும் செலவிடுவார். இத்தனை ஆக்சிஜனும் முக்கியமாக ஓடுகிற தசைகளுக்குத்தான் போகிறது.

ஆக்சிஜன் உயிரைக் காக்கும் வாயு என்று சிறு வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். ஆனால் அது இரும்பைத் துருவாக்குகிறது, விறகைச் சாம்பலாக்குகிறது, நாள்பட்ட எண்ணெயில் காறல் வாடை வரச் செய்கிறது. அதே வாயு நம் உடலுக்குள் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது எப்படி?

இதற்கு விடை தேட, ஒரு பழைய சோதனையைப் பார்ப்போம். 1891-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டூவார் என்ற அறிஞர் லண்டனில் திரவ ஆக்சிஜனை வலிமையான மின்காந்தத்தின் துருவங்களுக்கிடையே வைத்தார். அந்த இளநீலத் திரவம் துள்ளி எழுந்து துருவங்களில் ஒட்டிக்கொண்டது! திரவ நைட்ரஜனை இப்படி ஊற்றினால் ஒட்டாமல் வழிந்து ஓடிவிடும். ஆக்சிஜனுக்கு மட்டும் இந்தக் காந்தப் பண்பு ஏன்?

ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு மிகச் சிறு காந்தம். அதற்குத் தற்சுழற்சி என்ற பண்பு உண்டு. மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, ஒன்று மேல்நோக்கியும் ஒன்று கீழ்நோக்கியும் இணைந்து இருக்கும். அப்போது ஒன்றின் காந்தத் தன்மையை மற்றது ஈடுசெய்துவிடும். ஆக்சிஜன் மூலக்கூறில் அப்படியில்லை. அதில் இரண்டு எலெக்ட்ரான்கள் துணையின்றித் தனித்தனி அறைகளில், இரண்டும் ஒரே திசை நோக்கி நிற்கின்றன. ஆகவேதான் அது காந்தத்தால் ஈர்க்கப்படுகிறது.

இதனால் இன்னொரு விளைவும் உண்டு. பிற பொருள்களின் எலெக்ட்ரான்கள் எதிரெதிர் இணையாக இருப்பதால், ஒரு முழு இணையை ஆக்சிஜன் ஒரேயடியாக வாங்கிக்கொள்ள முடிவதில்லை. இடம் இருந்தும் திசை பொருந்துவதில்லை. ஒவ்வொன்றாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இந்தத் தயக்கம்தான் உங்கள் கையிலுள்ள காகிதமும், ஏன், நீங்களும் நானும் காற்றில் தானே தீப்பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரு பெரிய காரணம். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்குச் சற்றுப் பெருமைதான்.

ஒவ்வொன்றாக வாங்குவதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு முழுதும் நீராக மாறுவதற்கு நான்கு எலெக்ட்ரான்கள் தேவை. நம் உயிரணுக்களிலுள்ள மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணிய உறுப்புகளில், உணவிலிருந்து பெற்ற எலெக்ட்ரான்கள் ஒரு சங்கிலி வழியே கைமாறிக் கைமாறி வந்து, கடைசியில் நான்கும் சேர்ந்து ஆக்சிஜனிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அந்த இறுதி நொதி, வேலை முடியும்வரை ஆக்சிஜனை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் வழியில் எங்கேனும் ஓர் எலெக்ட்ரான் நழுவி, அருகிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டால் பிறப்பது சூப்பர் ஆக்சைடு. இன்னொரு எலெக்ட்ரான் கிடைத்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகும். புண் கழுவவும் தலைமயிரை வெளுக்கவும் பயன்படுகிறதே, அதே பொருள். மூன்றாவதும் சேர்ந்தால் ஹைட்ராக்சில். அகப்பட்டதையெல்லாம் தாக்கும் முரடன் அது.

இவற்றில் சூப்பர் ஆக்சைடும் ஹைட்ராக்சிலும் துணையற்ற ஓர் எலெக்ட்ரானைச் சுமந்து திரிபவை. வேதியியல் நூல்களில் இத்தகையவற்றுக்குத் 'தனி உறுப்புகள்' என்று பெயர். ஃப்ரீ ராடிகல் என்பதும் இதுவே. உறுப்பு என்றதும் கை, கால் என்று எண்ணிவிடாதீர்கள். மூலக்கூறின் ஒரு துண்டு என்றே பொருள். இவை உயிரணுச் சவ்வின் கொழுப்பிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்தால், பறிகொடுத்தது தானும் ஒரு தனி உறுப்பாகி, பக்கத்திலிருப்பதைப் பறிக்கக் கிளம்பும். இப்படிச் சங்கிலியாகத் தொடரும் சேதம், உடலின் தற்காப்பை மீறிப் போகும் நிலையை 'ஆக்சிஜனேற்ற நெருக்கடி' எனலாம்.

எலிகளின் ஓட்டம்

துணையற்ற எலெக்ட்ரானைக் கண்டுபிடிக்க ஓர் அழகான முறை இருக்கிறது. காசான் நகரில் 1944-இல் ஸவோய்ஸ்கி என்ற சோவியத் இயற்பியலார் கண்டது அது. ஒரு பொருளைக் காந்தப் புலத்தில் வைத்தால், அதிலுள்ள இணையற்ற எலெக்ட்ரான்கள் புலத்தின் திசையிலோ எதிர்த்திசையிலோ நிற்கும். இரண்டு நிலைகளுக்கும் ஆற்றலில் சிறு வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டுக்குச் சரியாகப் பொருந்தும் நுண்ணலையைப் பாய்ச்சினால் எலெக்ட்ரான் அதை விழுங்கித் திசை மாறும். புலம் 0.34 டெஸ்லா என்றால் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 9.5 கிகாஹெர்ட்ஸ் இருக்கவேண்டும்; அலைநீளம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இணையாக உள்ள எலெக்ட்ரான்கள் இதற்கு மசிவதில்லை. ஆகவே எவ்வளவு நுண்ணலை விழுங்கப்பட்டது என்று பார்த்தால், எத்தனை ஒற்றை எலெக்ட்ரான்கள் உள்ளன என்று சொல்லிவிடலாம்.

1982-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கெல்வின் டேவிஸ், லெஸ்டர் பேக்கர் முதலியோர் எலிகளை ஓடும் பட்டையின்மேல் ஓயும்வரை ஓடவிட்டார்கள். பிறகு அவற்றின் தசையையும் கல்லீரலையும் இந்த முறையில் ஆராய்ந்தார்கள். ஓய்ந்த எலிகளில் தனி உறுப்புகளின் அடையாளம், ஓடாத எலிகளில் இருந்ததைப் போல் 2 முதல் 3 மடங்கு இருந்தது! மைட்டோகாண்டிரியாவிலும் சேதம் தெரிந்தது. வைட்டமின் ஈ குறைந்த உணவு தின்று வளர்ந்த எலிகள் விரைவிலேயே களைத்துப்போயின.

ஆகவே நம் மாணவனின் முதல் 'ஆம்' உண்மையே. கடுமையாக ஓடினால் தனி உறுப்புகள் பெருகுகின்றன.

அந்த ஆய்வாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. இடைவிடாத பயிற்சியால் தசையில் மைட்டோகாண்டிரியா பெருகும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. அதைத் தூண்டிவிடுவதும் இந்தத் தனி உறுப்புகளாகவே இருக்கலாமோ என்ற ஐயத்தையும் அதே கட்டுரையில் எழுதி வைத்தார்கள். உலகம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. தீங்கு என்ற சொல்லுக்கு மாத்திரை விற்கும் வலிமை உண்டு. ஐயத்துக்கு அது கிடையாது.

கஞ்சித் தண்ணீரில் ஒரு சோதனை

வைட்டமின் சி என்ன செய்கிறது என்பதை நீங்களே கண்ணால் காணலாம். சோறு வடித்த கஞ்சியில் இரண்டு கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் நீரில் கலந்து ஆறவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலில் ஐந்தாறு சொட்டு விடுங்கள். நீர் கருநீலமாகும். இனி 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து, 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். நீலம் சட்டென்று மறைந்துவிடும்! எத்தனை சொட்டில் மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரைக் கரைசலுக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு, கொய்யாச் சாறு, காய்ச்சிய கொய்யாச் சாறு என்று மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். அயோடின் துணியில் பட்டால் கறை படியும். வீட்டில் திட்டு விழும். சோதனை நீரை யாரும் குடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது? வைட்டமின் சி தன் எலெக்ட்ரான்களை அயோடினுக்குக் கொடுத்தது. அயோடின் நிறமற்ற அயோடைடு ஆயிற்று. தனி உறுப்புக்கும் இதே விருந்துதான். வெறிகொண்டு அலையும் ஒற்றை எலெக்ட்ரானுக்கு வைட்டமின் சி ஒரு துணையைத் தானமாகத் தருகிறது. தானம் கொடுத்தபின் அதுவும் ஒரு தனி உறுப்பாகிறது என்றாலும், சாதுவான உறுப்பு. சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. வைட்டமின் ஈ சவ்வின் கொழுப்புக்குள் இருந்து இதே வேலையைச் செய்யும். அது இழந்த எலெக்ட்ரானை வைட்டமின் சி மீட்டுக் கொடுக்கும். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போல! இப்படி எலெக்ட்ரானைக் கொடுத்துச் சேதத்தை நிறுத்தும் பொருள்களையே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்கிறோம். புட்டிகளில் 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்று அச்சிட்டிருக்கும்.

டம்ளரில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. எலி ஆய்வும் ஒத்துப்போகிறது. அப்படியானால் ஓட்டக்காரன் நிறைய விழுங்கினால் நிறைய நன்மைதானே? பலரும் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். 1970-களிலிருந்து மாத்திரைகள் மளமளவென்று விற்பனையாயின. இரண்டு நோபெல் பரிசுகள் பெற்ற லைனஸ் பாலிங் போன்ற மாமேதையே வைட்டமின் சி-க்காக நூல் எழுதி வாதாடினார். ஆனால் டம்ளரில் நீலத்தைப் போக்குவது ஒன்றே வேலை. உடலிலோ அந்த 'நீலம்' ஏதேனும் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்கவேண்டும்.

உடல் வேண்டுமென்றே சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்கிறது என்பதை வெள்ளையணுக்களில் காணலாம். கிருமியை விழுங்கிய வெள்ளையணு அதன்மேல் சூப்பர் ஆக்சைடைப் பொழிகிறது. இதைத் தயாரிக்க இயலாத பிறவிக் குறையுள்ள குழந்தைகளை மீண்டும் மீண்டும் கடுமையான தொற்றுகள் பிடிக்கின்றன. தசையிலும் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு நொதி இருக்கிறது. தசை சுருங்கும்போது அது சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்கிறது. உடற்பயிற்சியின்போது தோன்றுவதெல்லாம் மைட்டோகாண்டிரியாவிலிருந்து தவறிச் சிந்தியவை என்று முன்பு எழுதி வந்தார்கள். பெரும் பங்கு இந்த நொதியிடமிருந்தே வருகிறது என்பது இப்போதைய கருத்து.

தயாரித்து என்ன பயன்? சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற நம் உடலிலேயே ஒரு நொதி உண்டு. அதன் வேலையை 1969-இல் மெக்கார்ட், ஃபிரிடோவிச் இருவரும் கண்டறிந்தார்கள். பெராக்சைடு முரடு அன்று. சற்று நிதானமாக நகரும். சில புரதங்களிலுள்ள கந்தக அணுக்களைத் தேடிச் சென்று தொடும். கீப்-1 என்றொரு புரதம், என்.ஆர்.எஃப்.-2 என்ற மற்றொரு புரதத்தைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. கீப்-1-இன் கந்தகத்தில் ஆக்சிஜனேற்றம் நேர்ந்தால் பிடி தளரும். விடுபட்ட என்.ஆர்.எஃப்.-2 உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, தற்காப்பு நொதிகளைச் செய்யும் மரபணுக்களை முடுக்கிவிடும். இன்னும் சில வழிகளில், புதிய மைட்டோகாண்டிரியா கட்டுவதற்கான ஆணையும் பிறக்கிறது.

அதாவது, ஓடும்போது தோன்றும் தனி உறுப்புகள் "இந்தத் தசைக்கு வேலை கூடிவிட்டது, பலப்படுத்து" என்று உடலுக்குச் சொல்லும் செய்தியும் ஆகின்றன. மாட்டுக் கொட்டிலில் கன்று மடியை முட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முட்ட முட்டத்தான் பசு பாலைச் சுரந்து விடுகிறது. பசுவுக்கு நோகுமே என்று கன்றை இழுத்துக் கட்டிவிட்டால்?

நான்கு ஊர்ச் சோதனைகள்

இது எல்லாம் அழகான கருத்து. ஆனால் அழகான கருத்துகள் தவறிப்போனதும் உண்டு. டம்ளரை நம்பி ஒரு முறை ஏமாந்தோம் அல்லவா? மனிதரிடம் சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டின் வாலென்சியா நகரிலிருந்து 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 14 ஆண்கள் 8 வாரம் பயிற்சி செய்தார்கள். அவர்களில் 5 பேருக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி. கூடவே எலிகளிலும் சோதனை. வைட்டமின் சி உண்ட எலிகளின் தாக்குப்பிடிக்கும் திறன், பயிற்சிக்குப் பிறகும் மற்றவற்றைப் போல் உயரவில்லை. மைட்டோகாண்டிரியா பெருகுவதும் குறைந்தது. எலிகளில் தெளிவு. மனிதரிலோ, வேறுபாடு உறுதியானது என்று சொல்லுமளவுக்கு இல்லை. 5 பேரை வைத்து என்ன முடிவு கட்ட முடியும்? நாணயத்தை 5 முறை சுண்டினால் நான்கு முறை தலை விழுவது அரிதன்று.

அடுத்த ஆண்டு ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து வந்த ஆய்வுதான் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. மைக்கேல் ரிஸ்டோவும் அவர் குழுவினரும் ஏறத்தாழ 40 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேர் முன்பே பயிற்சி உள்ளவர்கள், பாதிப் பேர் இல்லாதவர்கள். 4 வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 85 நிமிடப் பயிற்சி. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பாதிக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் கொடுக்கப்பட்டன. மறுபாதிக்கு இல்லை.

அவர்கள் அளந்தது ஓட்ட நேரத்தை அன்று. இன்சுலினுக்கு உடல் எவ்வளவு நன்றாகச் செவிசாய்க்கிறது என்பதை. அளந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. கையிலுள்ள நாளத்தில் இன்சுலினை ஒரே சீராகச் செலுத்துகிறார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கப் பார்க்கிறது. இறங்கவிடாமல் மற்றொரு குழாய் வழியே குளுக்கோஸைச் செலுத்தி, சர்க்கரையை ஒரே மட்டத்தில் நிறுத்துகிறார்கள். எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்பட்டதோ, அவ்வளவு நன்றாக இன்சுலின் வேலை செய்கிறது என்று பொருள். மேல் வகுப்பில் மீட்டர் சமனச்சுற்றுச் சோதனை செய்வீர்கள். கால்வனாமீட்டரின் முள் சுழியில் நிற்குமாறு சரிசெய்துவிட்டுத் தடையைக் கணக்கிடுவீர்கள். அதே தத்துவம், மனித உடலில்!

பயிற்சியால் இன்சுலினின் செயல் மேம்படும் என்பது முன்பே தெரிந்தது. யேனாவில் மாத்திரை உண்ணாதவர்களிடம் அது மேம்பட்டது. மாத்திரை உண்டவர்களிடம் மேம்படவில்லை. அதே 85 நிமிடம், அதே வியர்வை. இந்த ஒரு பலன் மட்டும் கைக்கு வரவில்லை. தொடைத் தசையிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளை ஆராய்ந்தபோது, தற்காப்பு நொதிகளுக்கான மரபணுக்களும், மைட்டோகாண்டிரியாவைப் பெருக்கும் மரபணுவும், மாத்திரை உண்ணாதவர்களில்தான் கிளர்ந்திருந்தன.

இங்கேயே நிறுத்திவிட்டு "மாத்திரை நஞ்சு" என்று முழங்கிவிடலாம். அப்படி முழங்கியவர்களும் உண்டு. ஆனால் 2010-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஆய்வு இதற்கு மாறாகப் பேசியது. 12 வாரம் மிதிவண்டிப் பயிற்சி. நாளுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் ஈ. மாத்திரை உண்டவர்களும் உண்ணாதவர்களும் ஒரே அளவில் முன்னேறினார்கள். நன்மையும் இல்லை, தீமையும் இல்லை!

பிறகு 2014-இல் நார்வேயின் ஆஸ்லோவில் கோரான் பால்சென் குழுவினர் 54 இளைஞர்களையும் இளம்பெண்களையும் வைத்து 11 வாரச் சோதனை நடத்தினார்கள். யாருக்கு உண்மை மாத்திரை, யாருக்குப் போலி மாத்திரை என்பது உண்டவருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 235 மில்லிகிராம் வைட்டமின் ஈ. இரு பிரிவினரின் உச்ச ஆக்சிஜன் அளவும் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. 20 மீட்டர் தூரத்தை விரைந்து விரைந்து திரும்பி ஓடும் சோதனையிலும் இரு பிரிவினரும் ஒன்றுபோலவே தேறினார்கள். ஆனால் தசைத் துணுக்கில் மைட்டோகாண்டிரியாவின் புரதங்கள் போலி மாத்திரை உண்டவர்களிடம்தான் கூடியிருந்தன. உண்மை மாத்திரை உண்டவர்களிடம் கூடவில்லை.

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? தசைக்குள் ஏதோ ஒரு வேலை தடைபடுகிறது. ஆனால் 11 வாரத்தில் அது ஓட்டத்தில் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் உண்டால் தெரியுமா என்பதை 11 வாரச் சோதனை சொல்லாது. என் கணிப்பைச் சொல்லட்டுமா? மாத்திரையால் ஓட்டம் கெடும் என்பதற்கு மனிதரில் உறுதியான சான்று இல்லை. மாத்திரையால் ஓட்டம் வளரும் என்பதற்கோ, இந்த நான்கு ஊர்களில் ஒன்றிலும் சான்று கிடைக்கவில்லை. விலை கொடுத்து வாங்குகிறவன் கேட்கவேண்டிய கேள்வி இரண்டாவதுதான்.

தசை வலியாவது குறையுமா? கடும் பயிற்சிக்கு மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சுமே, அந்த வலி! இதைப் பற்றிய 50 ஆய்வுகளை, மொத்தம் 1089 பேரின் முடிவுகளை, 2017-இல் காக்ரேன் அமைப்பினர் தொகுத்துப் பார்த்தார்கள். தடுப்பான் மாத்திரைகளால் வலி குறைந்த அளவு, உணர்ந்து சொல்லத்தக்கதாக இல்லை.

வைட்டமின் சி-யின் பக்கம் ஒரு செய்தியையும் சொல்லிவிடுவதே நியாயம். மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த போர்வீரர்கள் ஆகிய 598 பேரை உள்ளடக்கிய ஐந்து சோதனைகளில், தொடர்ந்து வைட்டமின் சி உண்டவர்களுக்குச் சளி பிடிப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பொதுமக்களிடம் அப்படிக் குறையவில்லை. கடும் உழைப்பும் கடுங்குளிரும் சேரும் சமயத்தில் அதற்கு ஒரு பயன் இருக்கலாம். மருத்துவர் குறைபாடு கண்டு எழுதித் தரும் மாத்திரையும் வேறு விஷயம். இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

தடுப்பான் எதுவானாலும் கூடுதலாக உண்பதில் கேடில்லை என்ற எண்ணத்துக்குப் பின்லாந்தில் நடந்தது ஒரு பதில். புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஒரு பெருஞ்சோதனையின் முடிவு 1994-இல் வெளிவந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 விழுக்காடு கூடியது!

ஒரு பழத்தின் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். நம் ஓட்டக்காரன் விழுங்கிக்கொண்டிருந்தது 1000 மில்லிகிராம். ஏறத்தாழ 12 மடங்கு. இத்தனையும் உடலில் தங்குவதில்லை. 200 மில்லிகிராம் வரை குடல் ஏறக்குறைய முழுவதையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே வேளையில் 1000 மில்லிகிராமுக்கு மேல் போனால் பாதிக்கும் குறைவே உள்ளே போகும். உள்ளே போனதிலும் மிகுதி சிறுநீரோடு வெளியேறிவிடும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலை அவனிடம் சொன்னேன். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அப்படியானால் அரை மாத்திரை போட்டுக்கொள்ளட்டுமா சார்?" என்றான். அரை மாத்திரை என்றால் 250 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. நடுத்தரமான ஒரு கொய்யாப்பழம் அரை மாத்திரைக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மைதானத்து வாயிலிலேயே ஒரு பாட்டி கூடையில் கொய்யா விற்கிறார்.

புட்டியில் மீதியிருந்த மாத்திரைகளை அவன் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டான். மேலே சொன்ன கஞ்சிச் சோதனைக்கு அவற்றைத்தான் பயன்படுத்தினோம். மாவட்டப் போட்டியில் அவனுடைய நேரம் சில விநாடிகள் குறைந்தது. "பார்த்தீர்களா சார், மாத்திரையை நிறுத்தியதால்தான்!" என்று குதித்துக்கொண்டு வந்து சொன்னான். இடையில் அவனுக்கு மூன்று மாதப் பயிற்சி கூடியிருந்தது. போட்டியன்று காலை வெயிலும் இல்லை. ஓடியவனும் ஒரே ஒருவன், ஒப்பிட்டுப் பார்க்க மற்றொருவன் இல்லை. இதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.